சலவை இயந்திரத்துக்குச் சொன்ன வணக்கம்

பிப்ரவரியில், ஏரி முழுக்க உறைந்துகிடந்தபோது
பதினேழு விண்ணப்பம் அனுப்பினேன்.
ஐஸ்கிரீம் கடை, ஸ்ட்ராபெர்ரித் தோட்டம்,
நூலகம், படகுத்துறைச் சிற்றுண்டிக் கடை,
நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் ஒரு கம்பெனி.
எனக்கு நாய் என்றால் பயம்.
அதை எழுதவில்லை.

உங்கள் பலம் என்ன என்று எல்லாப் படிவமும் கேட்டது.
ஜாம் புட்டி எவ்வளவு இறுகியிருந்தாலும் திறந்துவிடுவேன்.
தம்பி பேருந்தில் வாந்தி எடுக்கப்போவதை
இரண்டு நிறுத்தம் முன்பே சொல்லிவிடுவேன்.
படிவத்தில் 'பொறுப்பானவள்' என்று போட்டேன்.
குவோபியோவில் இந்த வருடம்
எல்லாருமே பொறுப்பானவர்கள்.

மார்ச்சில் இரண்டு பதில். ஏப்ரலில் ஒன்று.
'இம்முறை விண்ணப்பங்கள் ஏராளமாக வந்ததால்.'
மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

"கிடைக்காவிட்டால் போகட்டும்" என்றாள் அம்மா,
மின்கட்டண ரசீதை மடித்து
டோஸ்டருக்குப் பின்னால் செருகியபடி.

மின்ட்டுவுக்கு அவள் அத்தையின் பூக்கடையில் கிடைத்துவிட்டது.
வாழ்த்துச் சொன்னேன், மூன்று இதயம் அனுப்பினேன்,
பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பொறாமை என்று சொல்ல மனம் வரவில்லை.
பசி மாதிரி இருந்தது,
எதிரில் தட்டு வைத்தால் தள்ளிவிடுகிற பசி.

மே வந்தது. இரவு பத்தரைக்கும் வெளிச்சம்.
திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு கோடு நுழைந்து கட்டிலில் படுத்துக்கொண்டது.
தலையணைக்கடியில் போன்
அதிராமலே அதிர்ந்தது.
காலையில் தாடை வலித்தது.
ராத்திரி முழுக்கக் கல் மென்றிருக்கிறேன்.

அதனால் என்னோடு ஓர் ஒப்பந்தம்:
நாளுக்கு ஒருமுறைதான் மெயில்.
அதுவும் ஏரிக்கு சைக்கிளில் போய், சாக்ஸ் கழற்றி,
கணுக்கால் ஆழத்தில் நின்ற பிறகு.
பனிக்கட்டி போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.
முதல் பத்து நொடி, வேலையாவது ஒன்றாவது,
கால் இருக்கிறதா இல்லையா?
அந்தப் பத்து நொடிக்காகவே போனேன்.

சில நாள் ஒப்பந்தத்தை மீறினேன்.
ஒருநாள் நாற்பது தடவை.

கல்லறைத் தோட்டத்துப் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேவை,
போனில் மட்டும் அழைக்கவும் என்று
சர்ச் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.
போனிலா!
பல் டாக்டரையே அம்மாதான் அழைப்பாள் எனக்கு.
தாளில் எழுதினேன்: வணக்கம், என் பெயர் ஹில்லா, வயது பதினாறு.
எங்கள் கட்டிடத்தின் நிலவறையில்
சுற்றிக்கொண்டிருந்த சலவை இயந்திரத்திடம்
சொல்லிப் பார்த்தேன்.
அது கேட்டுக்கொண்டது. குறுக்கே பேசவில்லை.
நான்காவது வணக்கத்துக்கு
முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு வணக்கம் வந்தது.

மூன்றாம் மாடி ஏலிஸ். கையில் வாளி, அழுக்குத் துணி.
எனக்குக் காதுமடல் கொதித்தது.
அவன் ஒன்றும் சொல்லாமல்
சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான்.
வணக்கம், என் பெயர் ஏலிஸ்.
கீழே அதே எண்.

முறைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது.
இருப்பது ஒரு வேலையா இரண்டா, யாருக்குத் தெரியும்?
சிரிப்பு வந்துவிட்டது எங்களுக்கு,
நிறுத்த முடியாமல், பாதியில் எனக்கு அழுகையாக மாறி
மறுபடி சிரிப்பாகத் திரும்பியது.
இயந்திரம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.
பூவா தலையா போட்டோம்.
பூ விழுந்தது எனக்கு.

எடுத்த பெண்மணி எதையோ மென்றுகொண்டிருந்தார்.
தாளில் இருந்த ஒன்றையும் அவர் கேட்கவில்லை.
"பத்து லிட்டர் பூவாளி தூக்குவாயா?"
"தூக்குவேன்."
"இரண்டு கையிலும்?"
"எங்கள் வீட்டில் ஜாம் புட்டி எல்லாம் நான்தான் திறப்பேன்."
மெல்லுவது நின்றது.
"வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்றார்.

இன்று புதன்.
ஏலிஸுக்கும் வெள்ளிக்கிழமையாம்.
தாடை இன்னும் வலிக்கிறது.
ஏரியில் நான்கு கால்கள்,
கரையில் இரண்டு போன், திரை கவிழ்த்து.
இப்போதெல்லாம் இருபது நொடி தாங்குகிறோம்.
அவன் வேகமாக எண்ணுகிறான், ஏமாற்றுக்காரன்.