பக்கம் ஒன்பது, விதி நான்கு

நூற்றைம்பது பிரதி. கட்டிலுக்கு அடியில்
அரிசி மூட்டையை ஒட்டி ஆறு அட்டைப்பெட்டி.
கொருக்குப்பேட்டையில் அச்சு, பைண்டிங்கும் அங்கேயே.
அட்டைக்கு லேமினேஷன் வேண்டாம் என்றதில்
பிரதிக்கு நாலு ரூபாய் மிச்சம்.

மெய்ப்பு பார்த்த அன்று டில்லிபாபு கேட்டார்,
"இதுல ஹீரோ யாரும்மா?"
வாங்குறவங்கதான்.
"செத்துட்டா?"
பக்கம் பன்னிரண்டு. புதுசா ஒரு பேர் எழுதிக்கலாம்,
பழைய ஆளோட கடன் மட்டும் கூடவே வரும்.
மிஷினை நிறுத்திவிட்டு
அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.
"கடன் எதுக்கு வரணும்?"
நான் வாயே திறக்கவில்லை.
அட்வான்ஸில் பாதி இன்னும் பாக்கி.

பகலில் எனக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை.
உள்ளே போன எண், வெளியே வந்த எண்,
சீல் உடைந்ததா இல்லையா.
ராத்திரியில் எழுதியது இது:
எண்ணூர் முகத்துவாரத்தில் நாலு பேர், ஒரு படகு,
சாம்பல் படிந்த தண்ணீருக்கு அடியில் பேரில்லாத ஓர் ஊர்.
வரைபடமும் என் கைதான், அதனால்
கொசஸ்தலை ஆறு கொஞ்சம் குழாய் மாதிரி இருக்கும்.

திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் சோதனை ஆட்டம்.
ஃப்ளோரா, அவள் தம்பி, யூசுப், நான்.
இருபது முகப் பகடை ஒன்றே ஒன்று,
தொண்ணூறு ரூபாய்க்கு வரவழைத்தது.
ஃப்ளோரா ஆத்திரத்தில் உருட்டினாள்,
கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.
என்ன விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.
படகிலோ ஓட்டை. தண்ணீர் இடுப்பளவு.
கீழே விரைவு சாலையில்
துறைமுகத்துக்குக் காத்திருந்த லாரி வரிசை
ஊர்ந்துகொண்டிருந்தது.
"அடுத்த வண்டி நம்பர்ல கடைசி எண்" என்றான் யூசுப்.
ஏழு.
பிழைத்தோம்.

அப்படி வந்ததுதான் அந்த விதி:
பகடை இல்லாதவர்கள் சாலையைப் பார்க்கவும்.

இதுவரை போனது அறுபத்தொன்று.
அச்சுக்கூலி, கூரியர் எல்லாம் கழித்தால்
ஆறாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய் கைநட்டம்.
இன்னும் முப்பத்தெட்டு போனால் பூஜ்யத்தைத் தொடலாம்.
மண்ணடியில் செய்த ரப்பர் ஸ்டாம்பை
இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.
அது ஆசைக்கு.

போன வாரம் வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனிலிருந்து
தமயந்தி என்றொரு பெண்ணின் குரல்பதிவு.
"அக்கா, எங்க ரோட்டுல லாரி வராது.
ஒரு நாளைக்கு மூணு பஸ். மூணும் ஒரே பஸ்ஸு.
கடைசி எண் நாலு.
நாலு வந்தா படகு அசையாதுன்னு போட்டிருக்கீங்க.
பதினோரு நாளா நடுத்தண்ணில நிக்கிறோம்."

சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம்,
பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை,
என்று தட்டினேன்.
அனுப்புவதற்குள் இன்னொரு பதிவு.
"சும்மா இல்லக்கா, பேசிட்டிருக்கோம்.
கீழ இருக்கிற ஊருக்குப் பேர் வெச்சாச்சு.
ரேஷன் கடை எந்தத் தெருவுலங்கறதுலதான் சண்டை."

தட்டியதை அழித்தேன்.

நேற்று சாயங்காலம், கேட்டில்
நாற்பதடிப் பெட்டி ஒன்றின் சீலைக் குனிந்து பார்க்கையில்
பையில் போன் அதிர்ந்தது.

ஸ்பேர் பஸ் வந்துச்சு அக்கா.
எட்டு.