முப்பத்தோராவது எலும்பு

எனக்கு ஓட்டு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நான் அடுப்புக்காரன்.
கோவி-அல்தாயில், மின்கம்பங்களும் களைத்து நின்றுவிட்ட இடத்தில்
ஒரு பள்ளி, அதன் பின்னால் விடுதி,
விடுதிக்கு நடுவில் என் இரும்படுப்பு.
ஆடு மேய்ப்பவர்களின் பிள்ளைகள், முப்பத்தொரு பேர்.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்துநான்கு.
உள்ளே, அடுப்போரம் ஒரு நாடு,
சன்னலோரம் இன்னொரு நாடு.

அடுப்போரக் கட்டில்கள் பெரிய வகுப்புக்கு.
எப்போதிருந்து என்று கேட்டால்
எப்போதுமே என்பார்கள்.
சன்னலோரத்துச் சின்னதுகள் தொப்பியோடு தூங்கும்.
விடியும்போது போர்வை விளிம்பில்
மூச்சு உறைந்து உப்புப் பூத்திருக்கும்.

குடிமையியல் புத்தகம் மூன்று மாதமாக வரவில்லை.
லாரி ஏதோ கணவாயில்.
செவெல்மா டீச்சர் மேசைமேல் ஒரு பை எலும்பைக் கொட்டினார்.
ஆட்டின் கணுவெலும்பு, பிள்ளைகள் சுண்டி விளையாடுவது.
நாலு பக்கம்: குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு.
"கட்டில் முறைவைத்து மாறட்டும் என்பவர்கள்
குதிரை மேலே தெரிய வையுங்கள்.
வேண்டாம் என்றால் வெள்ளாடு."

குதிரை பதின்மூன்று. வெள்ளாடு பதினெட்டு.
பெரிய பிள்ளைகள் பதினெட்டுப் பேர்.
இதற்கு எலும்பு எதற்கு,
கட்டிலை எண்ணினாலே போதும்.
டீச்சர் கரும்பலகையில் எழுதினார், அழிக்கவில்லை.
எனக்கோ ஆத்திரம். வறட்டியை இரண்டு கூடை அதிகம் திணித்தேன்;
அந்தச் சூடும் அடுப்போரத்துக்கே போயிற்று.

எனெரெல், மூன்றாம் வகுப்பு,
முன்பல் இரண்டும் இல்லாதவள், எழுந்து கேட்டாள்:
தோற்றவங்க மறுபடி கேட்கலாமா?
டீச்சர் யோசித்தார்.
யோசிக்கிற டீச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை.
"கேட்கலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று
நீங்களே முடிவு செய்யுங்கள்."
அதற்கே ஒன்றரை மணி நேரம்,
இரண்டு சண்டை, ஒரு கிழிந்த சட்டைக்கை.
மாதம் ஒருமுறை, கடைசி வெள்ளி, இரவு.

அந்த வெள்ளி மின்சாரம் இல்லை.
சூடு பொல்லாத தாலாட்டு:
பெரியவர்களில் ஆறு பேர் அயர்ந்துவிட்டார்கள்.
ஸோரிக்தின் குறட்டையில் கூரை ஏறி இறங்கியது.
பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு!
சின்னதுகளின் முகத்தில் கணக்கு ஓடியது.
எனக்கும் ஓடியது, ஒளிப்பானேன்.
கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்,
காற்று யாரையும் எழுப்பிவிடக் கூடாதே.

எனெரெல் போய்
ஸோரிக்தின் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினாள்.
"எழுந்திரு. ஓட்டு."
பிறகு அடுத்த கட்டில். பிறகு அதற்கடுத்தது.
ஆறு பேரையும்.
பைத்தியம், என்றது சன்னலோரம்.
நானும் அதையேதான் முணுமுணுத்தேன்.

மேசை சன்னலடியில் கிடந்தது.
யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை,
அங்கேதான் நிலா வெளிச்சம்.
ஆறு பேரும் வெறுங்காலோடு
அந்த நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வர வேண்டியிருந்தது.
பதினோரு அடிதான். எட்டாவது அடியில்
தரை வேறாகிவிடும்.
கரிவாளியோடு தினம் நடப்பவன், எனக்குத் தெரியும்.

இருமுறை எண்ணினார்கள்.
குதிரை பதினைந்து.
வெள்ளாடு பதினைந்து.
ஸோரிக்த் வைத்த எலும்பு மட்டும்
எந்தப் பக்கமும் சாயாமல்
நுனியில் நிமிர்ந்து நின்றது.
வீசும்போது ஆயிரத்தில் ஒன்று அப்படி விழும் என்பார்கள்.
இவன் வீசவில்லை. வைத்தான்.
"தெரியலை," என்றான், பாதத்தைப் பாதத்தில் தேய்த்துக்கொண்டே.

டீச்சர் பலகையில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து
நின்றது: ஒன்று
என்று எழுதினார்.
புத்தகத்தில் அப்படி ஒரு கோடு உண்டா, யார் கண்டது.
லாரி இன்னும் கணவாயில்.

காலையில் சாம்பல் அள்ளப் போனேன்.
எலும்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது.
மேசையைச் சுற்றிப் பிள்ளைகள்
தரை அதிராமல் நடந்தார்கள், பெரியவர்களும்.
வாளியை எப்போதும் இழுத்துக்கொண்டு போகிறவன்
அன்று கையில் தூக்கிப் போனேன்.