கல் போக நிகர எடை

சங்கத்து ரசீதில் மூன்று கட்டங்கள்:
மொத்த எடை, கல் எடை, நிகர எடை.
நடுக்கட்டத்தை நிரப்பத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

வைரம் என்றாலும் கழிப்பேன்
வெள்ளைக்கல் என்றாலும் கழிப்பேன்.
பாப்பிரெட்டிப்பட்டியில் பதினோரு வருடமாக
கிரகங்களைக் கிராமில் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
செவ்வாயை, கல்யாணம் தள்ளிப்போன ஒரு விரலிலிருந்து.
கோமூத்திர நிறத்து ராகுவை, லாரி ஓட்டும் ஒருவரிடமிருந்து.
சந்திரனைப் பல்லில் உரசிப் பார்த்தேன், வழுக்கியது,
முத்து நறநறக்கும்.
நான் எதுவும் சொல்லவில்லை.
ரசீதில் பொய்க்கும் எடை உண்டு,
பெயர் எழுதத்தான் இடமில்லை.

மரவள்ளி விலை விழுந்த கார்த்திகையில்
சாலம்மாள் வந்தாள்
கணவன் தீர்த்தகிரியின் மோதிரத்தோடு.
நீலம். ஏழரைச் சனிக்கு எழுதிக்கொடுத்தது.
மூன்று ராத்திரி தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தார்களாம்,
கெட்ட கனவு வரவில்லை.
மாடு ஒன்று செத்தது,
அது கிழட்டு மாடு என்று விட்டுவிட்டார்கள்.

அடிப்பக்கம் திறந்த கட்டு,
கல் தோலைத் தொட வேண்டுமே.
தொட்ட இடத்தில்
வியர்வையும் கிழங்குப் பாலும் கறுத்துப் படிந்திருந்தன.
துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன்.
உள்ளே உருண்டை உருண்டையாகக் குமிழிகள்.
குமிழி விடுவது கண்ணாடி.

"கல் ஒண்ணேகால் கிராம். கழிச்சிடலாம்."
"சனியும் கழிஞ்சிடுமா?"
சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
இல்லை.

மடியை அவிழ்த்து இன்னொன்றை எடுத்தாள்.
கிழங்கு பிடுங்கும்போது மண்ணோடு வந்ததாம்.
காய்ந்த ரத்த நிறம், நடுவில் பருத்த உடம்பு,
ஆறு பக்கம்.
சாணை பிடிக்கிறவன் ஐம்பது ரூபாய்க்குக் கேட்டானாம்.
மேசைக் கண்ணாடியின் ஓரத்தில் இழுத்தேன்,
கோடு விழுந்தது.
வெங்கச்சங்கல்லில் இழுத்தேன்,
அதிலும் விழுந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தேன்,
வெளிச்சம் வாசலிலேயே நின்றுவிட்டது.

குருந்தம், என்றேன்.
மாணிக்கமும் அசல் நீலமும் இதே சரக்குதான்.
வெளிச்சத்தை உள்ளே விட்டது விரலுக்குப் போனது,
விடாதது அரிவாள் தீட்டப் போனது.

"இதுக்கு எந்தக் கிரகம்?"
தெரியவில்லை.
ஒன்பதுக்கும் ஆள் போட்டாயிற்று.

அவள் என் கையிலிருந்து கல்லை வாங்கினாள்.
மோதிரத்தைக் கவிழ்த்தாள்.
தோல் தொடும் பக்கமாக
நீலத்தின் முதுகில்
அரிசி நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.
வெள்ளையாக விழுந்தது.
ஊதினாள். விரலால் தடவினாள்.
வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

திரும்பவும் தராசில் வைத்தேன்.
எடை மாறவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு
குருந்தத்தை மடியில் செருகிக்கொண்டே சொன்னாள்:
"மீட்க அவருதான் வருவாரு.
ஒண்ணும் சொல்லிடாதீங்க சார்.
இதப் போட்டப்புறந்தான்
தூங்குறாரு."