அறுபத்தொன்பது

கேள்விகளை நான்தான் படிப்பேன்.
இரவு எட்டு மணிக்கு மேல், மேசையைத் துடைத்து,
மீன் முள்ளைப் பூனைக்குப் போட்டுவிட்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்,
ரப்பர் பேண்டில் கட்டியவை.
இரண்டு குளிர்காலமாக
அவற்றில் என் கைரேகைதான் அதிகம்.

எனக்கு பல்பு மாற்றத் தெரியாது.
ஆனால் நாற்பது மீட்டர் ஓடினால் என்ன தடிமனில் கம்பி,
இந்தக் குழாய்க்குள் எத்தனை நுழையலாம்,
பத்துக் குதிரைச் சக்தி மோட்டாருக்கு எந்த ஃபியூஸ்,
கேளுங்கள், தூக்கத்தில் சொல்வேன்.
சொல்லவும் செய்கிறேனாம்.
லியாண்டர்தான் சொன்னான்,
பக்கத்தில் விழித்துக் கிடந்தவன்.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கையில் இருக்கிறது.
கார்னர் புரூக்கில் பாதி வீடுகளின் சுவருக்குள்
எது எங்கே வளைகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான்.
தாளைக் கண்டால்தான் விரல் மரத்துப்போகிறது.
'கீழ்க்கண்டவற்றுள் எது தவறானது அல்ல?'
இப்படி யார் பேசுவார்கள், யூனா,
எந்த வீட்டுக்காரி இப்படிக் கேட்டு
என்னைக் கூப்பிடுவாள்?

முதல் தடவை அறுபத்திரண்டு.
இரண்டாம் தடவை அறுபத்தாறு.
எழுபது வேண்டும்.
தேர்வு அறையில், சரியாக அவன் தலைக்கு மேலே,
ஒரு டியூப்லைட் நாலு மணி நேரமும் துடித்ததாம்.
சோக் போய்விட்டது, ஏணி இருந்தால் பத்து நிமிஷ வேலை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.
நாற்பத்தோராம் கேள்விக்குப் பிறகு
நேரம் எங்கே போனதென்று தெரியவில்லையாம்.

கெல்சி பார்சன்ஸ் முதல் தடவையே பாஸ்.
அவனைவிடப் பதினாறு வயது சின்னவள், நல்ல பெண்.
அவள் கையெழுத்துப் போட்டால்தான்
இவன் இழுத்த கம்பிக்குள் கரண்ட் வரும்.
போடும்போது அவள் இவன் முகத்தைப் பார்ப்பதில்லை.
அந்த மரியாதைதான் இவனைச் சுடுகிறது.

பிப்ரவரியில் ஓர் இரவு, இருநூற்று நாலாவது அட்டை.
வெளி முற்றத்தில் வெந்நீர்த் தொட்டி,
ஏறி இறங்க இரும்புக் கைப்பிடி.
எவற்றையெல்லாம் செம்புக் கம்பியால்
ஒன்றாகப் பிணைக்க வேண்டும்?
படித்துவிட்டுக் காத்திருந்தேன்.

மறந்துபோனால் அவன் எப்படி மௌனமாவான் என்று
எனக்குத் தெரியும்.
அதில் நகம் கடிக்கும் சத்தம் இருக்கும்.
இதில் அதுவும் இல்லை.

பூட்ஸை மாட்டினான். மீட்டரை எடுத்தான்.
ரைடவுட் வீடு, என்றான்.
ஆறு வருஷம் முன்னால்.
கைப்பிடியை நான் சேர்க்கவில்லை.

மணி பதினொன்று, லியாண்டர். பனி கொட்டுகிறது.

சனிக்கிழமை அங்கே பிள்ளைகள் வருவார்கள், என்றான்
கதவுக்கு வெளியிலிருந்து.

திரும்பியபோது இரண்டு மணி.
புருவத்தில் பனி வெள்ளை.
கிழவர் ஆம்புரோஸ் இரவு அங்கியோடு டார்ச் பிடித்தாராம்,
இவன் குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே.
மூன்றடிக் கம்பி, இரண்டு கிளாம்ப்.
அவ்வளவுதான் வித்தியாசம், யூனா, மூன்றடி.
ஈரக் கையுறையை ஹீட்டர்மேல் போட்டான்.
பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
அடுத்த அட்டை, என்றான்.
அவனாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மே மாதம் கடிதம் வந்தது.
அறுபத்தொன்பது.
எந்தக் கேள்வி என்று எழுதமாட்டார்கள்.
உறையைக் கிழித்து உள்ளே தேடினேன்,
மீதி ஒரு மார்க் மடிப்பில் ஒட்டியிருக்கும் என்பதுபோல.

வெந்நீர்த் தொட்டி வந்ததா, என்றேன்.
வரவில்லை.
டியூப்லைட்?
மாற்றிவிட்டார்கள். சத்தமே இல்லை.
கெல்சிதான் செய்தாளாம், சுத்தமான வேலை.

மறுபடி பணம் கட்டியாயிற்று. இலையுதிர்காலத்தில் தேதி.
ரப்பர் பேண்ட் அறுந்து, புதிது போட்டேன்.
அட்டைகளை எண்ணினால் முந்நூற்று ஒன்று.
மீதி பதினொன்று அவன் சட்டைப் பையில்.
அவை தேர்வுக்கு இல்லை.
ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில்
ஒரு தெருப் பெயர், ஒரு வீட்டு எண்.
நாலை அடித்துவிட்டிருக்கிறான்.