சீட்டில் இல்லாதது

நாளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய், மதியம் சாப்பாடு.
வேலை: நோயாளியாக இருப்பது.

பள்ளத்தூரில் ஒரு வீடு. வருசத்துக்கு ஒரு தடவை
பினாங்கிலிருந்து வந்து படைத்துவிட்டுப் போகிறவர்களுடையது.
மற்ற நாளில் வாடகைக்கு.
போன மாதம் சினிமாக்காரர்கள் இருந்தார்கள்,
இப்போது இவர்கள், பதினோரு பேர், ஏழு தேசம்.
பத்து வாரம் படித்துவிட்டு
ஆளுக்கொரு ஊரில் இரண்டு வருசம் இருப்பார்களாம்,
பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வருகிற ஊர்களில்.

விடிந்ததும் தெரஸ்நாதன் சார் சீட்டு கொடுப்பார்.
திங்கள் எனக்கு வயிற்றுப்போக்கு.
செவ்வாய் ஏழு மாதம்; தலையணை கட்டிக்கொண்டேன்.
என் வயது நாற்பத்தொன்பது, சிரித்தது நான் மட்டும்தான்.
புதன்கிழமை என் குழந்தைக்கு மூச்சு வாங்கியது,
குழந்தை ஒரு சுரைக்காய்.
அதை மடியில் போட்டு நான் அழுத அழுகையில்
ஜப்பான்காரப் பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

டெல்ஃபினா மொசாம்பிக். கையில் நோட்டு,
அதில் அவள் எழுத்தில் நம் வார்த்தைகள்.
"அம்மா, எங்க வழிக்குது?"
வலி, என்றேன். ல. நாக்கை மடிக்காதே.
"வழி."
அது ரோட்டுக்கு. சரி விடு,
எங்கள் தெருவே பழத்தைப் பளம் என்றுதான் தின்கிறது.

வெள்ளிக்கிழமைச் சீட்டு:
இரண்டு மாதமாக உதிரப்போக்கு. வெட்கம்.
முதலில் தலைவலி என்று சொல்லவும்.
மூன்று முறை கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லவும்.
உண்மைக்கு அடியில் சிவப்புக் கோடு.

தலைவலி என்றேன்.
அவள் என் பாயின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள்.
வேற ஏதும்?
தூக்கம் இல்லை.
வேற?
முந்தானையை முறுக்கினேன், நன்றாகவே வந்தது.
வேற ஏதும்மா?
உதிரப்போக்கைச் சொன்னேன்.
சார் தூணோரம் நின்று டிக் போட்டுவிட்டு
அடுத்த பாய்க்குப் போனார்.
முடிந்தது. சாம்பார் வாசம் வந்துவிட்டது.

"வேற?"

நாலாவதுக்குச் சீட்டில் ஒன்றும் இல்லை.
என் வாய்தான் சொன்னது:
போன மாதம், கொத்தமங்கலம் ரோட்டில்,
செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது.
சித்திரை வெயில், தார்.
ரைஸ் மில் வரைக்கும் நடந்திருக்கிறேன்.
என்னடி சேதுராக்கு வெறுங்காலோட, என்று
ஒருத்தி கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

செருப்பு அவள் நோட்டில் உண்டு. வெயில் உண்டு.
இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தாள்.
எழுந்துபோய் விளக்குமாற்றிலிருந்து
ஓர் ஈர்க்கு உருவிக்கொண்டு வந்தாள்.
"கண்ணு மூடுங்க. தொட்டா சொல்லுங்க."

தொடுறே, என்றேன்.
இப்போ தொடுறே.
இப்போ பெருவிரல்.
நாலு தடவை சொன்னேன், தொழில் தெரிந்தவள் மாதிரி.

கண்ணைத் திறந்தால்
ஈர்க்கு இன்னும் அவள் மடியில் கிடந்தது.

"அம்மா, இது நடிப்பா?"
முதல் வாரமே படித்த வார்த்தை அது, நடிப்பு.
இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.
எனக்குத்தான் வரவில்லை.

இந்த வீட்டுத் தரை எந்நேரமும் சில்லென்றிருக்கும் என்று
வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.
ஆமாம் ஆமாம் என்று நானும்
ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சம்பளம் கிடையாது.
காரைக்குடி பெரியாஸ்பத்திரி, ஓ.பி. வரிசை,
எனக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் அவள்.
என்னம்மா செய்யுது, என்றான் ஜன்னலுக்குள் இருந்தவன்.
நான் முந்தானையைத் தேடுவதற்குள்
டெல்ஃபினா தலையை நீட்டி,
"கால்ல வலி இல்ல," என்றாள்.

ல, அவ்வளவு சுத்தமாக.

வலி இல்லைன்னா எதுக்கு வந்தீங்க, என்றான் அவன்.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.