சாண் கணக்கு

காலையிலேயே கடந்திருக்க வேண்டும்.
காலையில் இந்த ஆறு
செம்மறிக் குட்டியின் வயிற்றைத்தான் நனைக்கும்.
வெயில் ஏற ஏற
மேலே பனி இளகி
நான்கு மணிக்கு இது வேறு ஆறு.
நாரினில் பிறந்த பெர்மெத்துக்குத் தெரியாததா?
மாவு மில்லில் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நட்டாற்றில் லாரி
இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
பின்னால் பதினெட்டு மூட்டை மாவு.

கணவன் நோவோசிபிர்ஸ்குக்குக்
கட்டட வேலைக்குப் போனபின்
இரண்டு குளிர்காலமாக இவள்தான் ஓட்டுகிறாள்.
கணவாயின் உச்சியில், மைனஸ் இருபதில்,
கார்புரேட்டரைக் கழற்றி
வாயால் ஊதியிருக்கிறாள்.
பெட்ரோல் கசப்பு மூன்று நாள் நாக்கில் இருந்தது.
யாரிடமும் சொன்னதில்லை.

கரையில் ஒரு டிராக்டர்.
தொலோகோன். வேறு ஆளே கிடைக்கவில்லையா
இந்த ஆற்றுக்கு?
"வித்துடு, உன்னால ஆகாது" என்று
கடைவாசலில் நாலு பேர் சிரிக்கச் சொன்னவன்.
இப்போது ஒன்றும் சொல்லவில்லை.
சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றான்.
அது பொறுமையா ஏளனமா என்று
அறுபதடி தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

சாவியைத் திருப்பினாள்.
தண்ணீர் மிதிபலகைக்கு வந்தது.
திருப்பினாள்.
கதவிடுக்கில் கசிந்து செருப்பைத் தூக்கியது.
திருப்பினாள்.
பதில் சொல்ல உள்ளே எதுவும் மிச்சமில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
சரிதான்.
தலைக்குக் கீழே அப்படியில்லை,
ஒவ்வொரு சாணுக்கும் விலை உண்டு.
மிதிபலகை வரை இஞ்சின்.
இருக்கை வரை மாவு.
அதற்கு மேல் ஏறினால்
பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு பேர்
யார் வீட்டில் சாப்பிடுவார்கள்?

கண்ணாடியை இறக்கிக்
கையை வெளியே நீட்டினாள்.
ஆட்டவில்லை. நீட்டினாள், அவ்வளவே.

கொக்கி கட்டிய கயிறு வந்தது.
முதல் வீச்சை ஆறு எடுத்துக்கொண்டது.
இரண்டாவது பானெட்டில் மோதியது.
அப்புறம்தான் உறைத்தது:
வீசுகிறவன் கரையில் நிற்கலாம்.
மாட்ட வேண்டியவள் இறங்க வேண்டும்.
இடுப்பளவு பனிநீரில்
ஒரு கையால் பம்பரைப் பிடித்து
காது நனையக் குனிந்து
விரல் மரத்து, மூன்று முறை நழுவி…
உதவி வாங்குவது
சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று
யார் சொன்னது?

கரையில்
பற்கள் தந்தியடிக்க நின்றாள்.
அவன் குத்திக்காட்டுவான்,
அதற்கொரு பதிலும் தயார்.
அவனோ பானெட்டைத் திறந்து
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"டிராக்டர்னா தெரியும்.
இதுல எனக்கு ஒண்ணும் புரியல."

"மஃப்ளரைக் கொடு" என்றாள்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
அதாலேயே துடைத்தாள்.
நல்ல கம்பளி. பாழாய்ப் போனது.

இழுத்தபோது அலை ஏறி
அடியில் இரண்டு மூட்டை நனைந்திருந்தது.
ஈரமாவு விடியும்வரை தாங்காது,
இன்றிரவே பிசைந்து சுட வேண்டும்.

இரண்டு மூட்டை ரொட்டி
ஒரு வீட்டுக்கு ரொம்ப அதிகம்.