ஒன்று புள்ளி எட்டு

நாற்பத்துமூன்று நாள் கழித்து வந்தது.
ஷென்ஜென்னில் ஏறி,
சென்னையில் சுங்கத்துக்காரர்களோடு
பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்து,
ஒரு சனிக்கிழமை மாங்காய் லாரிகளுக்கு நடுவில்
தபால்காரர் சிக்கண்ணனின் சைக்கிளில்
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு பின்னால்
என் செல்போன் சர்வீஸ் கடைக்கு.

உறைமேல் "பொம்மை உதிரி, நான்கு டாலர்".
அது அனுப்பியவன் சுங்கத்துக்குச் சொன்ன பொய்.
தொள்ளாயிரம் ரூபாய்தான் என்பது
நான் நாகவேணிக்குச் சொன்னது.

உள்ளே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக
ஒரு கறுப்பு அலுமினியக் கட்டி.
முதுகில் விசிறி, மூக்கில் திருகும் லென்ஸ்,
விலாவில் மஞ்சள் ஸ்டிக்கர்: ஐந்து வாட்.
ஸ்டிக்கரின் ஒரு மூலை
ஏற்கெனவே எழும்பியிருந்தது,
தனக்கே கூச்சமாக இருந்ததுபோல.

ஷட்டரை முழங்கால்வரை இறக்கினேன்.
டீக்காரரை வெளியிலேயே நிற்கச் சொன்னேன்.
கூட வந்த பச்சைக் கண்ணாடியை முதலில்
கண்ணில் மாட்டவில்லை, லேசரின் வழியில் நிறுத்தினேன்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
சுவிட்சைத் தட்டி, அணைத்துப் பார்த்தால்
பின்னால் வைத்த கறுப்புத்தாளில் ஒரு வடுவும் இல்லை.
பரவாயில்லை, ஒன்றாவது சொன்னபடி இருக்கிறது.

பன்னிரண்டு வோல்ட். விசிறி கொசுபோல ரீங்கரித்தது.
மாம்பழப் பெட்டிப் பலகைமேல் ஒரு புள்ளி.
லென்ஸைத் திருகத் திருகச் சுருங்கியது,
சுருங்கச் சுருங்கக் கோபம் ஏறியது அதற்கு.
நூலாகப் புகை. பிசின் வாசனை.
நஞ்சுண்டன் என்று
கையால் நகர்த்தி எழுதப் பார்த்தேன்.
'ந' வரவேண்டிய இடத்தில் ஒரு மண்புழு வந்தது.

பர்கூர் ஜவுளிக் கடையில் பில் போட்டுவிட்டு
ஏழரை பஸ்ஸில் வந்திறங்கினாள் நாகவேணி.
"அஞ்சு வாட்டுன்னு யார் சொன்னது?"
"எழுதியிருக்கே."
"எழுதியிருந்தா?"
சேலைமேல் எழுதியிருக்கும் விலைகளோடு
ஒன்பது வருஷம் புழங்குகிறவள்.

பழைய மோட்டாரிலிருந்து ஒரு செம்புத் துண்டு,
மளிகைக்கடைத் தராசில் நாற்பது கிராம்.
மெழுகுவத்திப் புகையில் கருக்கினோம்.
மீட்டரின் வெப்ப ஒயரை அதன் முதுகில் ஒட்டினோம்.
செம்புக்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது.
வாங்கியதை மட்டும் சொல்லும்.

அறுபது நொடி.
ஏழு டிகிரி ஏறியது.
பில் காகிதத்தின் பின்பக்கம் பெருக்கினாள், வகுத்தாள்.
ஒன்று புள்ளி எட்டு.
கடையில் மொத்தத்துக்குப் போடுவதுபோல
கீழே இரண்டு கோடு இழுத்தாள்.
"இப்ப நெஜ வெலையச் சொல்லு."

விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ரெண்டாயிரத்து அறுநூத்தி அம்பது."
திட்டவில்லை. மறுபடி வகுத்தாள்.
"ஒரு வாட்டு ஆயிரத்து நானூத்தி எழுபத்திரண்டு" என்றாள்,
சந்தையில் வெண்டைக்காய் விலை கேட்டு வந்தவள்போல.

பிறகு கைப்பையிலிருந்து
குழுக்கடன் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.
"இதுல அடி பாக்கலாம்."
கண்ணாடி ஒன்றுதான்.
அவள் மாட்டிக்கொண்டாள், நான் சுவரைப் பார்த்தேன்.

வெள்ளைத்தாள் எரியவில்லையாம்.
வெள்ளை, வந்ததை அப்படியே திருப்பிவிடும்.
கறுப்புதான் வாங்கி வைத்துக்கொள்ளும்,
வாங்கியது தாங்காமல் வேகும்.
அச்சடித்த தவணைத் தொகை
ஒவ்வோர் எண்ணாக ஓட்டையானது.
எட்டின் இரண்டு வயிறும்
பூஜ்யத்தின் நடுவும் கழன்று
மேசைமேல் விழுந்தன.
ஊதித் தள்ளினாள்.

திங்கள் காலை வசூலுக்கு வந்த திம்மராஜ்
புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தில் நின்று,
ஒன்றும் புரியாமல் வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
ஓட்டைகள் வழியே இறங்கிய வெளிச்சம்
அவருடைய வெள்ளைச் சட்டைப் பையின்மேல்
இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது என்று எழுதியது,
பூஜ்யம் மட்டும் கொஞ்சம் பெருத்து.

எண்ணிக் கொடுத்தோம்.

வண்டியை உதைக்கப் போனவர் திரும்பிக் கேட்டார்:
"மரத்துல பேரு எழுதுமாங்க இது?"
"எழுதும்" என்றாள் நாகவேணி.
"மெதுவா எழுதும்."